கில் -9 கொடுப்பதற்கு முன்: ஓடும் செயல்முறைகளை ஷெல்லிலிருந்து கையாள்வது

கேள்வியைச் சுருக்கமாக எடுத்து எழுதிக்கொள்கிறேன். லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக நுழைந்து, தரவுகளை ஏற்றும் ஒரு பாஷ் ஸ்கிரிப்டை ஓடவிட்டீர்கள் (பாஷ் என்பது நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்). மடிக்கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போனீர்கள். காலையில் பார்த்தால் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுபோயிருந்தது. இரண்டாம் முறை ஓட்டியபோது எங்கோ சிக்கிக்கொண்டதுபோலத் தோன்றவே, கன்ட்ரோல்+இசட் அழுத்தினீர்கள். பிறகு இன்னொரு டெர்மினலில் அதன் செயல்முறை எண்ணை (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் லினக்ஸ் தரும் எண்) கண்டுபிடித்து ‘கில்’ கொடுத்தீர்கள், அசையவில்லை. ‘கில் -9’ கொடுத்ததும் போய்விட்டது. “அப்படியானால் எப்போதுமே -9 கொடுத்துவிடலாம் அல்லவா?” என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம். அந்தப் பழக்கம் கையில் ஏறுவதற்கு முன்பே விட்டுவிடுங்கள். உங்களுக்கு நடந்த இரண்டு சம்பவங்களுக்கும் தெளிவான காரணம் இருக்கிறது. அது புரிந்துவிட்டால் -9 தேவைப்படும் இடங்கள் மிகக் குறைவு என்பது தானாகவே தெரியும். கட்டளைகளை உச்சரிக்கும் விதத்தில் எழுதுகிறேன். டெர்மினலில் அவை அனைத்தையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.

பெயரிலிருந்தே குழப்பம் தொடங்கிவிடுகிறது. ‘கில்’ என்று பெயர் வைத்திருந்தாலும், அந்தக் கட்டளை செய்வது ஒரு செயல்முறைக்கு ஒரு சிக்னலை, அதாவது ஒரு சிறு அறிவிப்பை, கொண்டுபோய்ச் சேர்ப்பதை மட்டுமே. உங்கள் செயல்முறையின் எண் 4312 என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சிக்னல் என்று சொல்லாமல் ‘கில் 4312’ என்று கொடுத்தால் போவது 15-ஆம் சிக்னல்; அதன் பெயர் ‘டெர்ம்’. ‘கையிலுள்ளதை முடித்துக்கொண்டு கிளம்பு’ என்று பொருள். நல்ல நிரல் அதைக் கேட்டதும், எழுதிக்கொண்டிருந்த தரவை வட்டில் சேர்க்கும், தற்காலிகக் கோப்புகளை நீக்கும், தான் தொடங்கிவைத்த சேய்ச் செயல்முறைகளுக்குத் தகவல் சொல்லும், பிறகு வெளியேறும். இந்தச் சிக்னலுக்கென்று எந்த ஏற்பாடும் செய்யாத நிரலாக இருந்தால், இயங்குதளத்தின் மையமான கெர்னலே அதை முடித்துவைக்கும்.

9-ஆம் சிக்னல் வேறு வகை. அது செயல்முறையின் காதுக்கே எட்டுவதில்லை. கெர்னல் அதை அப்படியே அப்புறப்படுத்திவிடும். திறந்திருந்த கோப்புகளையும் நினைவகத்தையும் கெர்னல் மீட்டுக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் நிரல் தன் நினைவகத்தில் சேர்த்துவைத்து இன்னும் எழுதாத தரவு போய்விடும். ‘நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று அடையாளத்துக்காக உருவாக்கிவைத்த கோப்பு அங்கேயே கிடக்கும். அடுத்த முறை அதே நிரலைத் தொடங்கும்போது ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று மறுக்கும். அது தொடங்கிவைத்த சேய்ச் செயல்முறைகள் கேட்பாரின்றித் தொடர்ந்து ஓடலாம். ஸ்கிரிப்ட் போய்விட்டது என்று நினைத்து நீங்கள் மறுபடி தொடங்க, பழைய ஸ்கிரிப்ட் அழைத்திருந்த நிரலும் புதியதும் ஒரே அட்டவணையில் எழுதுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்கு என் அனுபவமும் ஒரு காரணம். நான் பராமரித்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் ஒரே ஒரு வினவல் நெடுநேரமாகச் சிபியுவைத் தின்றுகொண்டிருந்தது. ஓடும் செயல்முறைகளைக் காட்டும் ‘டாப்’ பட்டியலில் அதன் எண்ணைப் பார்த்து கில் -9 கொடுத்தேன். ஒன்றுதானே போகும் என்று நினைத்தேன். அடுத்த நொடி எல்லாப் பயனர்களின் இணைப்புகளும் அறுந்துவிட்டன. போஸ்ட்கிரஸ் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது: அதன் செயல்முறைகள் அனைத்தும் ஒரு பொது நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, ஒன்று திடீரென்று செத்துப்போனால் அந்தப் பொது நினைவகம் சிதைந்திருக்கலாம் என்று முதன்மைச் செயல்முறை சந்தேகிக்கும், மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து, மீட்புப் பணியை நடத்திய பிறகே மறுபடி கதவைத் திறக்கும். பில்லிங் கவுன்ட்டரில் நின்றுகொண்டிருந்தவர்கள் காத்திருந்தார்கள். அந்த ஒற்றைச் செயல்முறைக்கு ‘இன்ட்’ என்ற 2-ஆம் சிக்னலை அனுப்பியிருந்தால் வினவல் மட்டும் ரத்தாகியிருக்கும். ‘டெர்ம்’ அனுப்பியிருந்தால் அந்த ஒரு இணைப்பு மட்டும் முடிந்திருக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு நல்ல வழிகள் இருந்தும் நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

இப்போது உங்கள் இரண்டாவது சம்பவத்துக்கு வருகிறேன். சாதாரண ‘கில்’ ஏன் வேலை செய்யவில்லை? விடை நீங்கள் அழுத்திய கன்ட்ரோல்+இசட்டில் இருக்கிறது. அது செயல்முறையை முடிப்பதில்லை. இருந்த இடத்திலேயே உறையவைக்கிறது. உறைந்து நிற்கும் செயல்முறைக்கு நீங்கள் அனுப்பிய ‘டெர்ம்’ போய்ச் சேர்ந்தது; ஆனால் அது மறுபடி ஓடத் தொடங்கும்வரை அந்தச் சிக்னலைக் கையில் எடுக்காது. வாசலில் கடிதம் கிடக்கிறது, உள்ளே இருப்பவர் தூக்கத்தில் இருக்கிறார். ‘கில் -கன்ட் 4312’ (kill -cont) என்று கொடுத்து அதை எழுப்பியிருந்தால், எழுந்தவுடனேயே முன்பு வந்த ‘டெர்ம்’மைப் பார்த்திருக்கும். -9 மட்டும் உறைந்த நிலையிலும் வேலை செய்யும் என்பதால், அதுதான் ‘வலிமையானது’ என்ற தவறான பாடம் உங்களுக்குக் கிடைத்தது. கன்ட்ரோல்+இசட் அழுத்திய அதே ஷெல்லில் ‘கில் %1’ என்று கொடுத்திருந்தால், பாஷ் தானாகவே ‘கன்ட்’ சிக்னலையும் சேர்த்து அனுப்பியிருக்கும். இன்னொரு டெர்மினலுக்குப் போனதால்தான் இந்த வித்தியாசம்.

ஆகவே எந்தச் செயல்முறை மீதும் கை வைப்பதற்கு முன், அது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். செயல்முறைகளைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ கட்டளை ஒற்றை எழுத்தில் காட்டும் நிலையைவிட, ‘/பிராக்/4312/ஸ்டேட்டஸ்’ என்ற கோப்பை ‘கேட்’ கட்டளையால் திறந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அதில் ‘ஸ்டேட்’ என்று தொடங்கும் வரியில் எழுத்தோடு சொல்லும் சேர்ந்திருக்கும். ‘ரன்னிங்’ என்றால் ஓடுகிறது அல்லது சிபியுவுக்காக வரிசையில் நிற்கிறது. ‘ஸ்லீப்பிங்’ என்றால் எதற்காகவோ காத்திருக்கிறது. பெரும்பாலான செயல்முறைகள் பெரும்பாலான நேரம் இப்படித்தான் இருக்கும், அதில் தவறு எதுவும் இல்லை. ‘ஸ்டாப்டு’ என்றால் உங்களுடையதைப்போல உறைந்திருக்கிறது. கவனமாகப் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு.

ஒன்று ‘டிஸ்க் ஸ்லீப்’. வட்டிலிருந்தோ, வலையமைப்பில் இணைத்துவைத்திருக்கும் கோப்பகத்திலிருந்தோ பதில் வரக் கெர்னலுக்குள்ளேயே காத்திருக்கும் நிலை இது. பொதுவாக ஒரு கண்ணிமைப்பில் கடந்துவிடும். ஆனால் அப்படிக் கோப்பகத்தைத் தரும் என்எஃப்எஸ் சர்வர் இறந்துபோயிருந்தாலோ, வட்டு பழுதாகிக்கொண்டிருந்தாலோ மணிக்கணக்கில் நீடிக்கும். இந்த நிலையில் சிக்கிக்கொண்ட பல செயல்முறைகளை -9 கூட அசைக்காது. கோபத்தில் பத்து முறை அடித்தாலும் பயன் இல்லை. செயல்முறையை விட்டுவிட்டு, அது எதற்காகக் காத்திருக்கிறதோ அந்தச் சாதனத்தையோ வலையமைப்பையோ சரிசெய்யுங்கள். பதில் வந்த மறுகணம் அதுவே நகரும்.

இன்னொன்று ‘ஜோம்பி’. பெயரைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அது ஏற்கெனவே முடிந்துபோன செயல்முறை. சிபியுவையும் எடுக்காது, நினைவகத்தையும் பிடித்துவைத்திருக்காது. தான் எப்படி முடிந்தது என்ற விவரத்தைத் தாய்ச் செயல்முறை வந்து வாங்கிக்கொள்ளும்வரை, செயல்முறைப் பட்டியலில் ஒரு வரி மட்டும் மிஞ்சியிருக்கும். இறந்தவரை மறுபடி கொல்ல முடியாதல்லவா? ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். நூற்றுக்கணக்கில் பெருகினால் குறை தாய்ச் செயல்முறையின் நிரலில் இருக்கிறது; அந்தத் தாயை முறையாக முடித்துவைத்தால், 1-ஆம் எண் செயல்முறை இவற்றைத் தத்தெடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடும்.

சிக்கிக்கொண்டதுபோலத் தோன்றும் எல்லாமே சிக்கிக்கொண்டவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கை தவறி கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் டெர்மினல் திரையில் எழுதுவதையே நிறுத்திவிடும். தொலைதட்டச்சுக் கருவிகள் இருந்த காலத்திலிருந்து வந்த வழக்கம் இது. கன்ட்ரோல்+க்யூ அழுத்தினால் தேங்கிக்கிடந்த அனைத்தும் கொட்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேலையை இந்த ஒரு விசையால் தவறாகக் கொன்றவர்கள் நிறையப் பேர். அதற்கும் பதில் இல்லையென்றால், ‘எஸ்ட்ரேஸ் -பி 4312’ (strace -p) கொடுத்து, செயல்முறை கெர்னலிடம் என்னென்ன கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். வரிகள் ஓடிக்கொண்டே இருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது, வேலைதான் பெரிது.

எண்ணைக் கண்டுபிடிப்பதிலும் சில குழிகள் இருக்கின்றன. ‘பிஎஸ் -இஎஃப்’ வெளியீட்டை ‘கிரெப்’ வழியாக வடிகட்டுவதுதான் பலருக்குப் பழக்கம். அந்த கிரெப்பே பட்டியலில் ஒரு வரியாக வந்து நிற்கும். ‘பிகிரெப் -ஏ’ (pgrep -a) இன்னும் நேரடியானது, அது தன்னைத் தானே காட்டிக்கொள்ளாது. லினக்ஸில் செயல்முறையின் பெயர் 15 எழுத்துகளுக்குமேல் சேமிக்கப்படுவதில்லை என்பதால், நீளமான பெயரைக் கொடுத்தால் பிகிரெப் எதையும் காணாமல் திரும்பும். அப்போது ‘-எஃப்’ சேர்த்து முழுக் கட்டளை வரியிலும் தேடச் சொல்லுங்கள். பெயரைக் கொண்டே சிக்னல் அனுப்பும் ‘பிகில்’ வசதியானது. ஆனால் அதே சொற்களைப் பிகிரெப்பிடம் கொடுத்து என்னென்ன சிக்குகின்றன என்று கண்ணால் பார்க்காமல் நான் பிகில் கொடுப்பதே இல்லை. ‘-எஃப்’ சேர்த்துத் தேடும்போது, அந்தச் சொல் கட்டளை வரியில் எங்கே இருந்தாலும் சிக்கிவிடும். அதே ஸ்கிரிப்டை ஒருவர் எடிட்டரில் திறந்துவைத்திருந்தால் அந்த எடிட்டரும் போய்விடும்.

‘கில்ஆல்’ பற்றித் தனியாக எச்சரிக்கிறேன். லினக்ஸில் அது பெயரைப் பார்த்து அனுப்பும். சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தில் அதே பெயருள்ள கட்டளை, கணினியை நிறுத்தும்போது எல்லாச் செயல்முறைகளையும் முடிப்பதற்கானது. எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராக இருந்துகொண்டு அங்கே அதை அடித்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அதேபோல, கில் கட்டளையில் எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் பொருள் மாறிவிடும்: ‘கில் -டெர்ம் -- -4312’ என்பது 4312-ஐத் தலைவராகக் கொண்ட செயல்முறைக் குழுவிலுள்ள அனைத்துக்கும் அனுப்பும். ஸ்கிரிப்டையும் அது அழைத்த நிரல்களையும் சேர்த்து முடிக்க இது அருமையான வழி. ஆனால் அந்த இடத்தில் -1 என்று எழுதினால், நீங்கள் தொட அனுமதி பெற்ற எல்லாச் செயல்முறைகளுக்கும் போகும். எண்கள் மறுபடி பயன்படுத்தப்படுபவை என்பதையும் மறக்காதீர்கள். நேற்று தாளில் குறித்துவைத்த 4312, இன்று வேறொருவருடைய வேலையாக இருக்கலாம்.

அடுத்து, முன்புறமும் பின்னணியும். கட்டளையின் முடிவில் & என்ற ஆம்பர்சாண்ட் குறியைச் சேர்த்தால் பின்னணியில் ஓடும். முன்புறத்தில் ஓடிக்கொண்டிருப்பதை கன்ட்ரோல்+இசட்டால் உறையவைத்து, ‘பிஜி’ (bg) கொடுத்தால் பின்னணியில் தொடரும். ‘எஃப்ஜி’ கொடுத்தால் முன்புறத்துக்கு வரும். ‘ஜாப்ஸ்’ பட்டியல் காட்டும். இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த வசதிக்குச் சுவையான பிறப்பிடம் உண்டு. பெர்க்லியில் உருவான சி ஷெல்லின் கையேடு, இதை முதலில் செய்துகாட்டியவர் ஆஸ்திரியாவின் லாக்ஸன்பர்க்கிலுள்ள ஐஐஏஎஸ்ஏ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜே. இ. குல்ப் என்று நன்றியோடு குறிப்பிடுகிறது. ஒரே டெர்மினலில் பல வேலைகளைப் பார்க்க வேண்டியிருந்தவர்களின் தேவையிலிருந்து வந்தது. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பின்னணியில் இருக்கும் நிரல் விசைப்பலகையிலிருந்து எதையாவது படிக்க முயன்றால், கெர்னல் அதை உடனே உறையவைத்துவிடும். உங்கள் ஸ்கிரிப்ட் இடையில் கடவுச்சொல் கேட்கிறதா என்று பாருங்கள். பின்னணிக்கு அனுப்பிய வேலை காரணமின்றி ‘ஸ்டாப்டு’ என்று நின்றால் பெரும்பாலும் இதுதான்.

முதல் சம்பவத்துக்கும் விடை சொல்லிவிடுகிறேன். 1-ஆம் சிக்னலின் பெயர் ‘ஹப்’. தொலைபேசிக் கம்பி வழியாக மோடத்தில் இணைந்திருந்த காலத்தில், மறுமுனையில் இணைப்பு அறுந்துவிட்டது என்று சொல்ல உருவானது. இன்றும் அதே வேலைதான். மடிக்கணினி உறங்கியதும் எஸ்எஸ்எச் இணைப்பு சற்று நேரத்தில் அறுந்தது, கெர்னல் உங்கள் ஷெல்லுக்கு ‘ஹப்’ அனுப்பியது, பாஷ் தன் வேலைகள் அனைத்துக்கும் அதையே அனுப்பியது, ஸ்கிரிப்ட் முடிந்தது. யாரும் தவறு செய்யவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள் என்று அது நம்பியது.

இதற்குத் தீர்வாகப் பலரும் ‘நோஹப்’ சொல்வார்கள். கட்டளைக்கு முன்னால் அதைச் சேர்த்தால் ‘ஹப்’ சிக்னலைப் பொருட்படுத்தாமல் ஓடும். திரைக்கு வரவேண்டிய வெளியீடு ‘நோஹப்.அவுட்’ என்ற கோப்பில் சேரும். ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டதென்றால் கன்ட்ரோல்+இசட், பிஜி, அதன்பின் ‘டிஸ்ஓன்’. அப்படிச் செய்தால் ஷெல் அந்த வேலையைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிடும். ஆனால் டிஸ்ஓன் வெளியீட்டைத் திருப்பிவிடாது. டெர்மினல் மறைந்த பிறகு நிரல் ஏதாவது அச்சிட முயன்றால் பிழை வரும், சில நிரல்கள் அதனாலேயே நின்றுவிடும்.

என் பரிந்துரை ‘டீமக்ஸ்’ (tmux); இணைப்பு அறுந்தாலும் சர்வரிலேயே தொடரும் டெர்மினலைத் தரும் நிரல் அது. சர்வரில் நுழைந்தவுடன் அதைத் தொடங்கி, அதற்குள் ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள். கன்ட்ரோல்+பி (Ctrl+B) அழுத்திவிட்டு ‘டி’ (d) விசையைத் தட்டினால் நீங்கள் மட்டும் வெளியே வருவீர்கள். உள்ளே எதுவும் நிற்காது. காலையில் ‘டீமக்ஸ் அட்டாச்’ கொடுத்தால் விட்ட இடத்திலிருந்தே பார்க்கலாம், கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம். நோஹப்பில் அந்த வசதி கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: 2016-இல் வந்த சிஸ்டம்டி 230 (லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருளின் பதிப்பு), பயனர் வெளியேறியதும் அவருடைய எல்லாச் செயல்முறைகளையும் முடிப்பதை இயல்பான அமைப்பாக ஆக்கியது. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு அதைப் பழையபடி மாற்றிவைத்தது. உங்கள் சர்வரில் டீமக்ஸே காணாமல் போனால், சிஸ்டம்டியின் ‘லாகின்டி’ அமைப்புக் கோப்பில் ‘கில்யூசர்ப்ராசஸஸ்’ என்ற வரியைப் பாருங்கள்.

நின்றுபோன வேலை எதனால் நின்றது என்பதை அது விட்டுச்செல்லும் எண்ணே சொல்லும். சிக்னலால் முடிந்திருந்தால், பாஷில் ‘$?’ காட்டும் எண் 128-உடன் சிக்னலின் எண்ணைக் கூட்டியதாக இருக்கும். 129 என்றால் இணைப்பு அறுந்தது. 130 என்றால் யாரோ கன்ட்ரோல்+சி அழுத்தினார்கள். 143 என்றால் டெர்ம். 137 என்றால் 9-ஆம் சிக்னல். யாரும் கொடுக்காமல் 137 வந்தால், நினைவகம் தீர்ந்து கெர்னலே பலி கொடுத்திருக்கலாம். கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ (dmesg) வெளியீட்டில் அதற்கான வரி இருக்கும்.

உங்கள் ஸ்கிரிப்டிலேயே ஒரு சிறு மாற்றம் செய்யச் சொல்வேன். ‘ட்ராப்’ (trap) கட்டளையால் டெர்ம் சிக்னலுக்கு ஒரு பதிலை எழுதிவையுங்கள்: தற்காலிகக் கோப்புகளை நீக்கு, எந்த வரிவரை ஏற்றியாயிற்று என்று குறித்துவை, வெளியேறு. அதை எழுதிய பிறகும் ‘கில்’ உடனே பலிக்கவில்லை என்று தோன்றினால், அதற்கும் காரணம் உண்டு. பாஷ் ஒரு வெளி நிரலை முன்புறத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது சிக்னல் வந்தால், அந்த நிரல் முடியும்வரை ட்ராப்பைத் தொடாது. இரண்டு மணி நேரம் ஓடும் ஏற்றுதல் என்றால் இரண்டு மணி நேரம் காத்திருக்கும். அதனால் ஏற்றும் நிரலை & சேர்த்துப் பின்னணியில் தொடங்குங்கள், ‘$!’ தரும் அதன் எண்ணை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வரியில் ‘வெயிட்’ கொடுங்கள். சிக்னல் வந்ததும் வெயிட் உடனே விட்டுக்கொடுக்கும், ட்ராப் ஓடும். ட்ராப்புக்குள் முதல் வேலையாக அந்த மாறியிலுள்ள எண்ணுக்கு டெர்ம் அனுப்பி, அது முடியும்வரை இன்னொரு வெயிட். பிறகு மற்றவை. இப்படி எழுதிவிட்டு ‘டைம்அவுட் -கே 30 2எச்’ என்று தொடங்கி ஸ்கிரிப்டை ஓட்டினால், இரண்டு மணி நேரம் தாண்டியதும் டெர்ம் போகும். அதற்குப் பிறகும் 30 நொடிகள் நகராமல் இருந்தால் மட்டும் 9 போகும்.